ஊர் ஓடியதா, ஒருவன் ஓடினானா?

('மக்களிடையே வெறுப்பு வளரப் பெரிதும் காரணம் ஊடகங்களே! உள்ளங்களே!' என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'ஊடகங்களே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்களை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் காபித் தம்ளரும் கையுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே! 

முதலில் என் சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நிற்பது தொலைக்காட்சி மேடை. எனக்கு முன்னால் நாலு கேமரா. இங்கே நின்றுகொண்டு 'ஊடகம்தான் குற்றவாளி' என்று பேசுவது எப்படி இருக்கு தெரியுமா? மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு 'சாம்பாரில் உப்பு இல்லை' என்று சொல்கிற மாப்பிள்ளை நிலைமைதான். (சிரிப்பு) சொல்லாமலும் இருக்க முடியாது. சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடவும் முடியாது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஏன்னா, உப்பு இல்லாதது உண்மை! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஒரே படத்தை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். 999 பேர் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். ஒருத்தன் மட்டும் கத்தியைத் தூக்குகிறான். தப்பு படத்தின் மேலா, அவன் மேலா?" நல்ல கேள்வி. அதைக் கேலி பண்ணி ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் அந்தக் கேள்விக்கே வருகிறேன். அதுவரைக்கும் அம்மா அதை முந்தானையில் பத்திரமா முடிஞ்சு வச்சுக்கட்டும்.

இந்தக் கேள்வி இன்றைக்குப் புதிதாகப் பிறந்தது அல்ல. போன நூறு வருஷத்தில் உலகத்து நீதிமன்றங்கள் உட்கார்ந்து விசாரித்த கேள்வி. நம் நடுவர் தீர்ப்புச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆளுக்கொரு பொன்னாடையோடு போய்விடுவோம். அந்த நீதிமன்றங்களில் ஆயுள் தண்டனை விழுந்தது. தூக்குக் கயிறும் விழுந்தது. அந்த வழக்குக் கட்டுகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் நம் கிராமத்துப் பாட்டி சொன்ன பழமொழி ஒன்று. "ஊர் ஓடினால் ஒக்க ஓடு; ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு." ஊரே ஓடுதுன்னா, வெள்ளமோ நெருப்போ வருது, கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒருத்தன் மட்டும் ஓடினால் அவனை நிறுத்தி, 'ஏம்ப்பா ஓடுறே?' என்று கேள். அவன் பைத்தியக்காரனாக இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம்! எவ்வளவு பெரிய அறிவு! என் வாதம் முழுக்க இந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது. ஓடுகிறவன் ஒருத்தன்தான். ஆனால் 'ஊரே ஓடுகிறது' என்று நம்மை நம்ப வைக்கிற கருவி ஒன்று வந்துவிட்டது. அந்தக் கருவிக்குப் பெயர்தான் ஊடகம்.

முதல் வழக்கு அமெரிக்கா. வருஷம் 1915. 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்று ஒரு படம் வந்தது. கிரிஃபித் என்கிற டைரக்டர் எடுத்தது. ஊமைப் படம்தான், ஆனால் மூன்று மணி நேரம். தியேட்டரில் வாத்திய கோஷ்டி உட்கார்ந்து கூடவே வாசிக்கும். சினிமாக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது. அவ்வளவு திறமை! கதை என்ன? அடிமை முறை ஒழிந்த பிறகு, கறுப்பின மக்களால் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு ஆபத்து வருகிறதாம். அப்போது வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்ட ஒரு குதிரைப்படை பாய்ந்து வந்து காப்பாற்றுகிறதாம். அந்தப் படைக்குப் பெயர் கூ கிளக்ஸ் கிளான். முக்கியமான கறுப்பர் வேஷங்களில் நடித்தது யார் தெரியுமா? முகத்தில் மை பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்கள்!

உண்மையில் அந்தக் கிளான் என்பது அடிமை முறை ஒழிந்தவுடன் 1860-களில் தொடங்கிய ஒரு கொலைகாரக் கும்பல். அரசாங்கம் கடுமையான சட்டம் போட்டு 1870-களிலேயே அதை அடக்கிவிட்டது. செத்துப்போன பாம்பு. நாற்பது வருஷம் கழித்து அந்தப் பாம்புக்கு உயிர் கொடுத்தது எது? படம் வெளியான அதே 1915 நவம்பரில், வில்லியம் சிம்மன்ஸ் என்கிற ஆள் சில பேரைக் கூட்டிக்கொண்டு, அட்லாண்டா பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற மலையில் ஏறி, ஒரு சிலுவையைக் கொளுத்தி, கிளானை மறுபடி தொடங்கினான். அடுத்த சில நாளில் படம் அட்லாண்டாவுக்கு வருகிறது. பேப்பரில் பட விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே 'எங்கள் சங்கத்தில் சேருங்கள்' என்று கிளான் விளம்பரம்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. பழைய கிளானுக்கு அந்தச் சிலுவை கொளுத்துகிற வழக்கமே கிடையாது. அது அந்தப் படத்துக்கு மூலமான நாவலில் இருந்த கற்பனை. நாவலிலிருந்து படத்துக்கு வந்தது. படத்திலிருந்து மலைக்குப் போனது. எதிரணி நண்பர்கள் 'ஊடகம் ஒரு கண்ணாடி; சமுதாயத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறது' என்றார்கள். ஐயா, இல்லாத சடங்கைக் காட்டிய கண்ணாடி எந்த ஊர்க் கண்ணாடி? கண்ணாடி பார்த்து நாம் தலை சீவலாம். கண்ணாடி நமக்குத் தொப்பி தைத்துக் கொடுக்குமா? (கைதட்டல்) 1920-களில் அந்தச் சங்கத்தில் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். படம் எந்தெந்த மாவட்டத்துக்குப் போனது என்று கணக்கெடுத்து 2023-இல் ஒரு ஆராய்ச்சி வந்தது. படம் போன இடங்களில், அடுத்து வந்த மாதங்களில், கும்பல் கொலைகளும் இனக் கலவரங்களும் கூர்மையாக உயர்ந்தன என்று அது சொல்கிறது. அந்தப் படத்தை வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டினார்கள். அப்போதைய ஜனாதிபதி உட்ரோ வில்சன் முனைவர் பட்டம் வாங்கியவர், பேராசிரியராக இருந்தவர், வரலாறு எழுதியவர். அவர் புத்தகத்து வரிகளே படத்தின் நடுவே எழுத்தாக வருகின்றன. பேராசிரியர் என்ற சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவேன்.

இரண்டாவது வழக்கு ஜெர்மனி. யூலியஸ் ஸ்ட்ரைஷர் என்று ஒருவர். தொழில் என்ன? பள்ளிக்கூட வாத்தியார்! 1923-இல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். வாரா வாரம் யூத மக்களைப் பற்றிக் கேலிச் சித்திரம், கட்டுக்கதை, கேவலமான வசவு. காசு கொடுத்து வாங்காதவனும் படிக்கட்டும் என்று தெருமுனைகளிலும் பஸ் நிற்கிற இடங்களிலும் கண்ணாடிப் பெட்டி வைத்து, பத்திரிகையை விரித்து மாட்டினார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவன் என்ன பண்ணுவான்? படிப்பான். அவன் யூதர்களை வெறுத்தவனாக இருக்க வேண்டியதில்லை. பஸ் லேட்டானால் போதும். (சிரிப்பு)

1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்தவுடன் செய்த காரியங்களில் ஒன்று, மலிவு விலையில் ரேடியோ. 'மக்கள் ரேடியோ' என்று பெயர். விலை 76 மார்க். ஏன் அவ்வளவு தாராளம்? ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் அரசாங்கத்தின் குரல் உட்கார வேண்டும். அந்தப் பிரசாரத் துறையை நடத்திய கோயபல்ஸ் யார்? ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1921-இல் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். மறுபடியும் நம்ம ஆளுதான்!

யுத்தம் முடிந்தது. நியூரம்பெர்க் நகரில் நீதிமன்றம் கூடியது. 1946 அக்டோபரில் தீர்ப்பு. ஸ்ட்ரைஷர் யாரையும் தன் கையால் கொன்றார் என்பது வழக்கில்லை. யுத்தத்தைத் திட்டமிட்டார் என்ற குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு ஜனத்தைக் கிருமி என்றும் பூச்சி என்றும் எழுதி, அவர்கள் கொல்லப்படுவது தெரிந்த பிறகும் அழிக்கச் சொல்லி எழுதிய குற்றத்துக்காக, மனித குலத்துக்கு எதிரான குற்றவாளி என்று தூக்கிலிட்டார்கள். பேனா பிடித்த கைக்குத் தூக்குக் கயிறு!

நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நடுவர் நினைக்கக் கூடாது. அதே நீதிமன்றத்தில், அதே நாளில், ஹான்ஸ் ஃப்ரிட்சே என்கிற ரேடியோ பேச்சாளரை விடுதலை செய்தார்கள். அவர் பேச்சில் யூத வெறுப்பு இருந்தது உண்மை; ஆனால் கொடுமை செய்யத் தூண்டுகிற நோக்கம் நிரூபணமாகவில்லை என்றார்கள். அப்புறம் ஃபைட் ஹார்லன் என்று ஒரு சினிமா டைரக்டர். 1940-இல் 'யூதன் சூஸ்' என்ற படம் எடுத்தவர். 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்த படம். போலீஸ்காரர்களும் காவல் படையினரும் பார்த்தே ஆக வேண்டும் என்று ஹிம்லர் உத்தரவே போட்டான். யுத்தத்துக்குப் பிறகு ஹாம்பர்க் நகரில் இரண்டு முறை ஹார்லனை விசாரித்தார்கள். 1949-இல் விடுதலை, 1950-இல் மறுபடி விடுதலை. 'கோயபல்ஸ் கட்டாயப்படுத்தினார், நான் வெறும் கலைஞன்' என்பது அவர் கட்சி.

எதிரணி நண்பர்கள் முகத்தில் இப்போது ஒரு பிரகாசம் தெரியுது. (சிரிப்பு) 'பார்த்தீர்களா, படத்துக்குத் தண்டனை இல்லையே!' என்று. கொஞ்சம் பொறுங்க. சட்டத்தின் தராசு வேறு, மனசாட்சியின் தராசு வேறு. இன்னார் பேசினார், அதனால் இன்னார் செத்தார் என்று நூல் பிடித்துக் காட்டினால்தான் நீதிமன்றம் தண்டிக்கும். அது நல்லதுதான், இல்லாவிட்டால் ஆட்சியில் இருக்கிறவன் தனக்குப் பிடிக்காத படத்தையெல்லாம் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவான். ஆனால் தண்டனை இல்லை என்பதற்காகப் பழியும் இல்லை என்று ஆகிவிடாது. நம் வள்ளுவர் புறங்கூறாமைக்கு என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தாரே, எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் அதற்குக் கேஸ் எடுத்தார்கள்?

மூன்றாவது வழக்குதான் என் நெஞ்சை அறுத்த வழக்கு. ஆப்பிரிக்காவின் நடுவே ருவாண்டா என்று ஒரு சின்ன நாடு. ஆயிரம் மலைகளின் நாடு என்பார்கள். அங்கே ஹூட்டு, டுட்சி என்று இரண்டு பெரிய பிரிவுகள். ஒரே மொழி, ஒரே மதம், ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த வீடு, கொள்வினை கொடுப்பினை உண்டு. பெல்ஜியம்காரன் ஆட்சிக் காலத்தில், 1930-களில், ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து 'நீ ஹூட்டு, நீ டுட்சி' என்று எழுதிவிட்டான். அந்த அட்டைதான் பின்னால் மரண ஓலையானது.

1990 டிசம்பரில் 'கங்குரா' என்ற பத்திரிகை பத்துக் கட்டளைகள் வெளியிட்டது. டுட்சிப் பெண்ணைக் கட்டுகிற ஹூட்டு துரோகி. டுட்சியோடு கூட்டு வியாபாரம் செய்கிறவன் துரோகி. 1993 ஜூலையில் ஒரு புது ரேடியோ வந்தது. 'ஆயிரம் மலைகள் ரேடியோ' என்று பெயர். அரசாங்க ரேடியோ கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு செய்தி வாசித்தது. இந்த ரேடியோ லுங்கி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசியது. நல்ல பாட்டு, நையாண்டி, நேயர்கள் பேசலாம், தெருவில் போகிறவனைப் பிடித்துப் பேட்டி எடுக்கலாம். இளைஞர்களுக்கு உயிர்! எதிரி என்று ஒருத்தரும் அதை முதலில் நினைக்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி வீட்டுக்குள் வந்தது. வந்து உட்கார்ந்துகொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. 'கரப்பான் பூச்சி.' டுட்சிகளுக்கு அதுதான் பெயர்.

தாய்மார்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். சமையலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? விளக்குமாற்றைத்தான் எடுப்பீர்கள். அதற்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று விசாரிப்பீர்களா? பக்கத்து வீட்டுக்காரரைப் பூச்சி என்று ஒன்பது மாதம் காதில் ஓதினால், பத்தாவது மாதம் விளக்குமாறு எடுப்பது பாவமாகவே தெரியாது.

1994 ஏப்ரல் 6. ஜனாதிபதி போன விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். அடுத்த நாளிலிருந்து கிட்டத்தட்ட நூறு நாள். ஏறத்தாழ 8 லட்சம் பேர். பெரும்பாலும் அரிவாளாலும் கட்டையாலும். தெரிந்தவர்களே, பக்கத்து வீட்டுக்காரர்களே. சாலைத் தடுப்புகளில் நின்ற கும்பல் ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் டிரான்சிஸ்டரும் வைத்திருந்தது. ரேடியோ இப்போது பெயர் சொன்னது. வீடு இருக்கிற இடம் சொன்னது. கார் நம்பர் சொன்னது. இன்னார் இன்ன வண்டியில் போகிறார், பிடியுங்கள் என்றது. அந்த ரேடியோ அலையை விமானத்திலிருந்து மறிக்க முடியுமா என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். அந்த விமானம் பறக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் வரும் என்று 1994 மே மாதம் கைவிட்டார்கள். கணக்குப் பார்க்கிற நேரமா அது? (அரங்கில் அமைதி)

பிறகு தான்சானியா நாட்டின் அருஷா நகரில் ஐ.நா. நீதிமன்றம் அமைத்தது. ரேடியோவைத் தொடங்கியவர்களில் இருவர், பத்திரிகை ஆசிரியர் ஒருவர், மூன்று பேர் கூண்டில் நின்றார்கள். மூன்று நீதிபதிகள். தலைமை நீதிபதி யார் தெரியுமா? நவநீதம் பிள்ளை! தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ் வம்சாவளியில், ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த அம்மையார். (பலத்த கைதட்டல்) நிறவெறி ஆட்சியில் தோலின் நிறத்தைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர். அவர் உட்கார்ந்து, வெறுப்பைப் பரப்பியவர்களை விசாரித்தார். கூட இருந்த இருவரில் ஒருவர் இலங்கையர், இன்னொருவர் நார்வேக்காரர். 2003 டிசம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பு. ரேடியோவைத் தொடங்கியவர்களில் முக்கியமான நஹிமானாவைப் பார்த்து, 'கையில் துப்பாக்கியும் இல்லை, அரிவாளும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான பேருடைய சாவுக்கு நீ காரணமானாய்' என்ற பொருளில் சொன்னார்கள். இந்த நஹிமானா யார்? பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர்!

2007-இல் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. நஹிமானாவின் ஆயுள் தண்டனை 30 வருஷமானது. அதில் ஒரு கோடு கிழித்தார்கள். ஏப்ரல் 6-க்கு முன்னால் அந்த ரேடியோ பேசியது வெறுப்பு. ஆனால் நேரடியாகக் கொலைக்குத் தூண்டியது என்று நிரூபணமாகவில்லை. அதற்குப் பிறகு பேசியது தூண்டுதல்தான். சிமோன் பிகிண்டி என்ற பிரபலமான பாடகர் வழக்கிலும் அப்படியே. அவர் பாட்டுக்களை அந்த ரேடியோ ஓயாமல் போட்டது. 2008-இல் அவருக்கு 15 வருஷம் தண்டனை. எதற்கு? பாட்டுக்கு இல்லை. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய், ரோட்டில் நின்றவர்களை 'டுட்சிகளைக் கொல்லுங்கள்' என்று சொன்னதற்கு.

இப்போது கணக்குக்கு வருவோம். எல்லாப் பழியையும் ரேடியோ மேல் போட முடியுமா? முடியாது, நானே சொல்லிவிடுகிறேன். ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர், சிறையிலிருந்த கொலையாளிகள் 200 பேருக்கு மேல் நேரில் பேட்டி எடுத்தார். 'ரேடியோ கேட்டுக் கிளம்பினேன்' என்று சொன்னவர்கள் குறைவு. ஊர்ப் பெரிய மனுஷனும் கும்பலும் வாசலில் வந்து கூப்பிட்டார்கள், பயத்தில் போனேன் என்றவர்கள்தான் அதிகம். இது எதிரணிக்குச் சாதகமான சாட்சி, நான் மறைக்கவில்லை.

ஆனால் 2014-இல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. அது மலைகளை வைத்துக் கணக்குப் போட்டது. ருவாண்டா மலை நாடு இல்லையா? ரேடியோ அலை சில ஊருக்குப் போகும்; சில ஊரை மலை மறைக்கும். மலைக்கு ஹூட்டுவும் தெரியாது, டுட்சியும் தெரியாது. அலை போன ஊரையும் மறைந்த ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அலை எட்டிய இடங்களில் கொலையில் பங்கெடுத்தவர்கள் கூடுதல். மொத்தமாகப் பார்த்தால் பங்கெடுத்தவர்களில் சுமார் 10 சதவீதம், 50,000 பேர் அளவுக்கு, அந்த ரேடியோவின் கணக்கில் வருகிறார்கள். மீதி 90 சதவீதத்துக்கு ஆட்சி, பயம், பேராசை, பழைய பகை எல்லாம் பங்காளி. பத்துச் சதவீதம்தானே என்று யாராவது சொல்வார்களா? 50,000 பேரை, ஐயா! நம்ம ஊரில் ஒரு தாலுகாத் தலைநகரத்தின் ஜனத்தொகை!

அம்மா, இப்போது முந்தானை முடிச்சை அவிழுங்க. 'அதே ரேடியோவைக் கேட்டும் கத்தி எடுக்காதவர்கள் உண்டே?' உண்டு. ஜூரா கருஹிம்பி என்று ஒரு கிழவி. பச்சிலை வைத்தியம் செய்கிறவர். தன் குடிசைக்குள் நூறு பேருக்கு மேல் ஒளித்து வைத்தார். கும்பல் வாசலுக்கு வந்தது. பாட்டி என்ன பண்ணினார்? தொட்டால் அரிக்கிற தழையைத் தன் மேலும் வீட்டின் மேலும் பூசிக்கொண்டு, 'உள்ளே காலை வச்சே, பேயை ஏவி விடுவேன்!' என்று ஒரு அதட்டல். தொட்டவன் கையெல்லாம் அரிப்பு; பேய் பிடித்துவிட்டது என்று ஓடிவிட்டான்! (சிரிப்பு, கைதட்டல்) ஒரு ரேடியோ நிலையத்தை ஒரு பிடி தழையால் ஜெயித்த கிழவி. 2006-இல் அந்த நாடு அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

உள்ளம் உறுதியாக இருந்தால் ஊடகம் ஒன்றும் செய்யாது என்பதற்கு இது சாட்சியா? ஆமாம். கத்தி எடுத்தவன் 'ரேடியோ சொன்னது' என்று தப்பிக்க முடியாது. அவன் பழி அவனுக்கு. ஆனால் பழி என்பது ஒரு லட்டு இல்லை, ஒருத்தர் எடுத்தால் இன்னொருத்தருக்குக் குறைவதற்கு. அது நெருப்பு மாதிரி; இவன் பற்றவைத்துக்கொண்டாலும் அவன் கையில் முழுசாகத்தான் எரியும். அந்தப் பாட்டியின் பெருமையே, எதிர்த்து நின்ற சத்தம் அவ்வளவு பெரியது என்பதால்தானே? சத்தம் சாதாரணம் என்றால் பதக்கம் எதற்கு?

ஊடகம் உள்ளத்தில் என்னதான் செய்கிறது? அதற்கும் ருவாண்டாவே பதில் சொன்னது. 2004-இல் அங்கே 'புதிய விடியல்' என்று பொருள்படும் 'முசெகெவேயா' என்ற ரேடியோ நாடகம் தொடங்கியது. இரண்டு கிராமத்துப் பகை, அதைத் தாண்டுகிற மனிதர்கள் என்று கதை. நாடகம் கேட்டவர்களையும் வேறு நாடகம் கேட்டவர்களையும் ஒரு வருஷம் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. ஜனங்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. மாறியது எது? 'ஊரில் மற்றவர்கள் எப்படி நடப்பார்கள், எது இங்கே சரி' என்கிற எண்ணம். அதை ஒட்டி நடத்தையும் மாறியது.

இதுதான் நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர். ஊடகம் நம் மனசுக்குள் வெறுப்பைப் புதிதாக விதைக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்த விதை கொஞ்சம் எல்லாரிடமும் கிடக்கு. எதிரணி சொல்கிற 'உள்ளம்' உண்மை. ஆனால் அதை வெளியே எடுக்க நமக்குக் கூச்சம் இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கம்தான் நாகரிகம். ஊடகம் வந்து, 'நாலு பேரும் அப்படித்தான் நினைக்கிறான், வெட்கப்படாதே' என்று அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது. ஒருவன் ஓடுவதை, ஊர் ஓடுவதாகக் காட்டுகிறது. நாமும் ஒக்க ஓடுகிறோம்.

எங்கேயோ அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று நான் தப்பிக்க முடியாது. சில வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு மேடையில் நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். ஒரு ஊர்க்காரர்களைப் பற்றி, அவர்கள் பேசுகிற விதத்தைப் பற்றி. அரங்கம் அதிர்ந்தது. டி.வி.யிலும் வந்தது. அதை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் ஒரு ரவுண்டு ஓடும். அடுத்த வாரம் வகுப்புக்குப் போனேன். அந்த ஊரிலிருந்து வந்த ஒரு மாணவனை மற்றப் பையன்கள் என் நகைச்சுவையில் வந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போதும் எழுந்து கேள்வி கேட்கிற பையன் அவன். அந்த வருஷம் முழுக்க வாயே திறக்கவில்லை. நான் கண்டித்தபோது ஒருத்தன் பணிவாகச் சொன்னான்: "ஐயா, நீங்களே டி.வி.யில சொன்னீங்களே!"

அனுமதிச் சீட்டில் கையெழுத்து என்னுடையது! பையன்களிடம் அந்தக் குறும்பு ஏற்கெனவே இருந்திருக்கும். ஆனால் 'ஐயாவே சொன்னார்' என்ற தைரியம் நான் கொடுத்தது. பேராசிரியர் என்ற சொல்லை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். வில்சன் பேராசிரியர், ஸ்ட்ரைஷர் வாத்தியார், கோயபல்ஸ் இலக்கிய முனைவர், நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர். அவர்களோடு என்னைச் சேர்த்துச் சொன்னால் மிகை. ஆனால் படித்தவன் வாயில் வந்தால் பொய்க்கும் மரியாதை வந்துவிடுகிறது. மைக் கிடைத்தால் அந்த மரியாதை மலை தாண்டிப் போகிறது. அந்த மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மன்னிப்பைக் கேட்டவன் அவன் ஒருத்தன். நகைச்சுவையைக் கேட்டவர்கள் எத்தனை ஆயிரம்! அதனால்தான் இன்றைக்கு மேடையிலேயே சொல்கிறேன். (கைதட்டல்)

அப்படியானால் டி.வி.யை உடைத்துவிடலாமா, சினிமாவைத் தடை செய்யலாமா? வேண்டாம். அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 'யூதன் சூஸ்' எடுத்த ஹார்லன் விடுதலையாகி மறுபடி படம் எடுத்தாரே, அப்போது எரிஷ் லூத் என்ற ஹாம்பர்க் நகர அதிகாரி, 'இந்த ஆள் படத்தைத் திரையிடாதீர்கள், பார்க்காதீர்கள்' என்று பகிரங்கமாகச் சொன்னார். படக் கம்பெனிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் லூத் தோற்றார். விடவில்லை. 1958-இல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், அப்படிச் சொல்வது அவருடைய பேச்சுரிமை என்று தீர்ப்பளித்தது. பேசுகிறவனுக்கு உரிமை இருக்கிற மாதிரி, 'நான் பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்காதீர்கள்' என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

இன்றைக்கு நம் ஒவ்வொருத்தர் சட்டைப் பையிலும் ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது. அதற்குப் பெயர் செல்போன். மாமா அனுப்பினார், சித்தப்பா அனுப்பினார் என்று காலையில் கண் விழிக்கும்போதே பத்துச் செய்தி. ஏதோ ஒரு ஜாதியை, மதத்தை, ஊரைப் பூச்சி என்கிற செய்தியும் அதில் ஒன்று. அனுப்பிய மாமா நல்லவர்தான். அவர் எழுதவில்லை, தள்ளிவிட்டார், அவ்வளவுதான். பஸ் நிற்கிற இடத்துக் கண்ணாடிப் பெட்டியை மாட்டியவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

நடுவர் கை மணிப் பக்கம் போகிறது. முடித்துவிடுகிறேன். உள்ளத்தில் விதை இருக்கிறது என்கிற எதிரணியின் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். விதையைக் காடாக்கிய தண்ணீருக்கும் அதை ஊற்றிய கைக்கும் பழி உண்டு என்பது என் வாதம். தீர்ப்பு எப்படி வந்தாலும், வீட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மா, ஐயா, பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். திரையில் யாராவது ஒரு ஜனத்தைக் காட்டி, 'பூச்சி, கிருமி, விரட்டு' என்றால், ஊரே ஓடுகிற மாதிரி தெரியும். அப்போது ஒரு நிமிஷம் நின்று எண்ணிப் பாருங்கள். ஓடுவது ஊரா, ஒருவனா?

ஒருவன் என்றால், கேட்டு ஓடுங்கள்.